மாற்றக் கதையில் முதல் பரிசு

ஜூன் 3, செவ்வாய்

இன்றுமுதல் எனக்கு வாழக் கற்றுக்கொடுக்கிறார்கள். இதுவரை மூச்சு விட்டது, சோறு தின்றது, பி.காமில் மூன்று அரியர் வைத்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் படுத்துக் கிடந்தது எதுவும் வாழ்க்கையில் சேராதாம். முளைப்பாரி இளைஞர் மேம்பாட்டு அறக்கட்டளை மூன்றே வாரத்தில் எல்லாத் திறனையும் ஊட்டிவிடப் போகிறது. முளைப்பாரியை ஆசையாக வளர்த்து, கும்மியடித்து, கடைசியில் கொண்டுபோய் ஆற்றில் கரைப்பார்கள் என்று பெயர் வைத்த புண்ணியவானுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்பாதான் கொண்டுவந்து விட்டார். அவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனில், எல்கேஜி பிள்ளைகளுக்கு நடுவில் என்னையும் உட்கார வைத்து. ஒரு பொடியன் என்னைப் பார்த்து, "நீங்க எந்த கிளாஸ்?" என்று கேட்டான். இறங்கும்போது அப்பா, "எய்யா, நல்லா கேட்டுக்க. எதுத்துப் பேசாத" என்றார். எதிர்த்துப் பேசுகிற ஆளாக நான் என்றைக்கு இருந்தேன்?

பயிற்சியாளர் நிரஞ்சன் சார் சென்னைக்காரர். கல்யாண மண்டபத்து மாடியில் இருபது பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு நூல்கண்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொன்னார். நூல் சிக்குப் பிடித்தது. இதுதான் சமுதாயம் என்றார். சிக்கை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. என் பெயரைக் கேட்டதும் சிரிப்பு. "ஐகோர்ட்ராஜாவா? நிஜப் பேரா, பட்டப் பேரா?" எங்கள் பக்கம் ஐகோர்ட் மகாராஜா சாமிக்கு நேர்ந்துகொண்டு வைக்கிற பெயர் என்று விளக்கினேன். "வாவ்! எவ்ளோ பவர்ஃபுல்!" என்று ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மின்விசிறிக் காற்றில் அது விழுந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் காதில் விழுந்தது. கடைசி நாள் விழாவில் சிறப்பாகப் பேசுகிறவருக்குத் தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் கம்பெனி ஆபீசில் வேலை. ஏசி அறை. எனக்கு அது மட்டும் போதும். மற்றத் திறன்களை எல்லாம் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 5, வியாழன்

இன்று பரிவு கற்றோம். இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. மூன்றரைக்கு முட்டை போண்டா வந்ததும் முடிந்துவிட்டது. சந்தனமாரி என்ற பெண்ணுக்குப் போண்டா கிடைக்கவில்லை. நான் இரண்டு எடுத்திருந்தேன். நன்றாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

சேமியாவையும் பசைநாடாவையும் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். குழுவாக வேலை செய்யும் திறனாம். எங்கள் கோபுரம் விழுந்தது, எல்லார் கோபுரமும் விழுந்தது. அம்மை பார்த்திருந்தால் அத்தனை சேமியாவையும் அள்ளிக்கொண்டு வந்து பாயசம் வைத்திருப்பாள்.

ஜூன் 8, ஞாயிறு

அப்பாவோடு வேன் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான் எங்கள் வீட்டில் விசேஷம். சீட்டுக்கு அடியில் பிஸ்கட் தூள், ஒற்றைச் சாக்ஸ், யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம். அப்பா அதைச் சுரண்டியபடி எந்தப் பிள்ளை எந்த சீட்டில் வாந்தி எடுக்கும் என்றெல்லாம் பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட அவருக்கு அதுதான் இருக்கிறது.

எங்கள் அப்பாவைப் போல ருசியில்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. சீட்டு ஆட மாட்டார், சிகரெட் கிடையாது. கல்யாண வீட்டில் மாமாக்கள் பாட்டிலைத் திறந்தால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். "ஊரான் வீட்டுப் பிள்ளையளக் கூட்டிட்டுப் போற கையல்லா" என்பார். மாமாக்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றுதான் நிஜமான பாடம். பெயர் 'மாற்றக் கதை'. விழாவில் ஒவ்வொருவரும் பேச வேண்டியது இதுதான். முன்பு நான் எவ்வளவு கேவலமாக இருந்தேன், பிறகு முளைப்பாரி வந்தது, இப்போது எப்படி மின்னுகிறேன். நிரஞ்சன் சார் பலகையில் ஒரு கோடு போட்டார். கீழே ஒரு அழுமூஞ்சி, மேலே ஒரு சிரித்த மூஞ்சி. "பள்ளம் எவ்ளோ ஆழமோ, கதை அவ்ளோ உயரம்" என்றார். பணம் கொடுக்கிற மும்பைக்காரர்கள் வந்து கேட்பார்களாம்.

சந்தனமாரியை முதலில் எழுப்பினார். "உன் லைஃப்ல பெரிய போராட்டம் என்ன?"

"பிளஸ் டூல கெமிஸ்ட்ரில ஃபெயிலாயிட்டேன் சார். பிறவு எழுதிப் பாஸாயிட்டேன்."

"அதெல்லாம் போராட்டம் இல்லம்மா. இன்னும் ஆழமா தோண்டு."

"தோண்டுனாலும் அவ்வளவுதான் சார் கெடக்கு."

அசடு. வாய் கூசாமல் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு? அடுத்து அந்தோணி எழுந்தான். அவன் அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. சொல்லிக்கொண்டு வரும்போதே குரல் உடைந்தது, எல்லோரும் அழுதார்கள், சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடுத்துவைத்தவன். என் முறை வந்தது. அரியர் கதையைச் சொன்னேன். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷிப்பிங் கம்பெனி அந்தோணிக்குத்தான் போகும். அப்பா உயிரோடு, வேலையோடு, நிதானத்தோடு இருக்கிறவனுக்கு இந்த உலகத்தில் இடமில்லை.

ஜூன் 12, வியாழன்

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ராஜா, நீ எதையோ மறைக்கிற. வீட்ல ஏதாவது பிரச்சனையா? அப்பா... குடிப்பாரா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவுதான். அவராகவே என் தோளில் கை வைத்தார். அவராகவே "ஐ நோ, ஐ நோ" என்றார். இப்படி ஒரு முட்டாளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்களே. அவர்கள் ஆசைப்பட்டதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். இதில் நான் சொன்ன பொய் எங்கே இருக்கிறது?

ஜூன் 13, வெள்ளி

ஒத்திகை. வெறும் குடி என்றால் எடுபடாது. எல்லார் வீட்டிலும் இருக்கிற சமாச்சாரம். அம்மை சோறு போடுகிறாள், அப்பா தட்டைத் தூக்கி எறிகிறார், நான் தரையில் கிடக்கிற பருக்கைகளைப் பொறுக்கித் தின்கிறேன் என்று வைத்தேன். பொறுக்குகிற இடத்தில் நிறுத்தி, இரண்டு மூச்சு விட்டுவிட்டு, "அன்னைக்கு எனக்கு ஏழு வயசு" என்றேன். மண்டபம் கப்சிப். அந்தோணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பேச வருகிறது.

ஜூன் 14, சனி

அம்மை ரேஷன் கடைக்கு அனுப்பினாள். வரிசையில் சந்தனமாரி. பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாவ எனக்குத் தெரியும் பாத்துக்க. எங்க அக்கா மவ அந்த வேன்லதான் போறா. போன மழைக்கு எங்க தெருவுல வண்டி வராதுன்னு, பிள்ளையத் தூக்கிட்டு முட்டளவு தண்ணிக்குள்ள வாசல் வர வந்து விட்டுட்டுப் போனாவ. அவியளயா குடிகாரர்னு சொல்லுத?"

"இது திருநெல்வேலில பெரிய ஓட்டல்ல நடக்கப் போற விழா. நம்மூர்க்காரன் எவன் வரப் போறான்? மும்பைக்காரனுக்குத் தமிழே தெரியாது."

"உனக்குத் தெரியும்லா?"

கெமிஸ்ட்ரியில் ஃபெயிலானவள் எனக்கு வாழக் கற்றுக்கொடுக்கிறாள். சீனி போடுகிறார்களா என்று பார்க்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

கிறுக்குப்பயல்கள். படித்த கிறுக்குப்பயல்கள்.

விழா திருநெல்வேலியில் இல்லையாம். மும்பைக்காரர்களுக்கு 'மக்கள் பங்கேற்பு' வேண்டுமாம். அதனால் இங்கேயே நடக்கிறது. அதுவும் அப்பா வேன் ஓட்டுகிற அதே பள்ளிக்கூடத்து அரங்கில். தாளாளர் ஹில்டா அம்மா முன்வரிசையில். எங்கள் பெற்றோர், பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் அத்தனை பேருக்கும் அழைப்பு நேற்றே போய்விட்டது. சார் ஏதோ வரம் கொடுக்கிறவர் மாதிரி இதை அறிவித்தார்.

சந்தனமாரி கை தூக்கினாள். "சார், கதையில திட்டு வாங்குதவியளையே கூப்பிட்டுருக்கீங்களா?"

"அவங்களும் கேக்கணும்மா. அப்பதான் காயம் ஆறும்."

இரண்டு வாரமாக வீட்டு அழுக்கைக் கிளறி எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, விழாவுக்கு வீட்டையே கூப்பிட்டிருக்கிறார்கள். 'முடிவெடுக்கும் திறன்' என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தவர்களின் முடிவு இது.

ஜூன் 18, புதன்

கதையை மாற்றிவிடலாம். நேரம் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

சாரிடம் போனேன். அரியர் கதையையே சொல்கிறேனே என்றேன். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டதைக் காட்டினார். என் பெயருக்கு நேராக 'குடியின் நிழலிலிருந்து' என்று போட்டிருந்தது. "நீதாண்டா நம்ம ஸ்டார். அந்தோணிகூட உனக்கு அப்புறம்தான்" என்றார். சரி சார் என்றேன். 'இல்லை என்று சொல்லும் திறன்' வகுப்பு போன வாரமே முடிந்துவிட்டது. அன்று நான் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. என் பெயரை மட்டும் விரலால் தொட்டுக் கண்டுபிடித்தார். "சனிக்கிழம ஸ்பெஷல் கிளாஸ் வண்டி இருக்குல. வர முடியுமான்னு தெரியல" என்றார். அம்மைக்குச் சுற்றிக் கொடுத்த பீடிக்குக் கடையில் கணக்கு முடிக்கிற நாள். ஆக, யாரும் வரப் போவதில்லை. நான்தான் வீணாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

அப்பா வந்தார்.

ஸ்பெஷல் கிளாஸ் வண்டியை வேறு ஒருவரிடம் மாற்றிவிட்டு, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அங்கே பாதிப் பேர் அவர் வேனில் பிள்ளையை ஏற்றி அனுப்புகிறவர்கள். முன்வரிசையில் ஹில்டா அம்மா, அவருக்குப் பக்கத்தில் மும்பைக்காரர், வெள்ளை முடி, கழுத்தில் யாரோ போட்ட பன்னீர் ரோஜா மாலை.

சந்தனமாரி கெமிஸ்ட்ரியில் ஃபெயிலானதைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நாலு பேர் கை தட்டினார்கள். அந்தோணி பாதியில் பேச முடியாமல் இறங்கிவிட்டான். அப்போது எனக்குள் ஓடியதை எழுதத்தான் வேண்டும். இனி எனக்குப் போட்டி இல்லை என்றுதான் ஓடியது.

மைக் முன்னால் போய் நின்றேன். மாற்றியிருக்கலாம். வாயைத் திறக்கிற வரைக்கும் மாற்றியிருக்கலாம். ஆனால் ஒத்திகை பார்த்தது தானாக வந்தது. குடி வந்தது, தட்டு வந்தது, பருக்கை வந்தது. பருக்கை பொறுக்குகிற இடத்தில் நிறுத்தினேன். இரண்டு மூச்சு. "அன்னைக்கு எனக்கு ஏழு வயசு." எல்லா முகத்தையும் பார்த்தேன், மூன்றாவது வரிசை ஓரத்தை மட்டும் பார்க்கவில்லை. கை தட்டினார்கள். என்னமாய்த் தட்டினார்கள்! அது எனக்குப் பிடித்திருந்தது.

யாரோ காதோரம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த மும்பைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ கேட்டார். நிரஞ்சன் சார் மைக்கில், "ராஜாவோட அப்பா இங்க வந்திருக்காரா? மேடைக்கு வாங்கப்பா, ப்ளீஸ்" என்றார். யாரும் எழவில்லை. பிறகு ஒவ்வொரு தலையாக மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பியது. ஹில்டா அம்மாவின் தலையும் திரும்பியது.

அப்பா மேடை ஏறி வந்தார். படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். சார் அவர் வாயருகே மைக்கைப் பிடித்தார். "உங்க பையன் சொன்னதக் கேட்டீங்க. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அச்சடித்த பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம் அவர். ஒரே வார்த்தை. எல்லாம் முடிந்திருக்கும்.

"ஆமாய்யா, குடிச்சேன். எம்பிள்ள சொன்னது உள்ளதுதான்" என்றார். மைக்கில் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் ரொம்பச் சத்தமாகச் சொன்னார். "இப்ப விட்டுட்டேன். அவனுக்கு வேலைய மட்டும் போட்டுக் குடுங்கய்யா."

அரங்கமே எழுந்து நின்றது. மும்பைக்காரர் தன் கழுத்து மாலையைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். முதல் பரிசு எனக்கு.

வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். பாதி வழியில், "வேல உறுதிதானல?" என்று கேட்டார். உறுதிதான் என்றேன். "பின்ன என்ன" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

வேன் கழுவவில்லை. காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். தெருவில் யாரோ அம்மையிடம் விழாவில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். "எந்தத் தட்ட எறிஞ்சாவ? எவ வீட்டுத் தட்ட?" என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அப்பா உள்ளேயிருந்து, "சவத்த விடு, அவன எதுவும் கேக்காத" என்று சத்தம் போட்டார்.

ஜூன் 23, திங்கள்

காலையில் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. வேறு டிரைவர். அப்பா பழக்கத்தில் காக்கிச் சட்டை போட்டிருந்தார். கழற்றி மடித்து வைத்தார்.

நிரஞ்சன் சாருக்குப் போன் செய்தேன். கதை பொய், எங்கப்பா குடித்ததே இல்லை, பள்ளிக்கூடத்தில் சொல்லி வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள் என்றேன். "ராஜா, நடந்தது முக்கியம் இல்ல, உணர்வுதான் முக்கியம். அந்த உணர்வு உண்மைதானே?" என்றார். எந்த உணர்வு என்று கேட்டேன். அடுத்த ஊரில் புது வகுப்பு ஆரம்பித்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். தூ.

ஜூன் 24, செவ்வாய்

ஹில்டா அம்மாவைப் பார்க்கப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் உள்ளே விட்டார்கள்.

"அம்மா, எங்கப்பா ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்ல. நான்தான் பொய் சொன்னேன். வேலைக்காவ சொன்னேன்."

"அவரே எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டாரேப்பா."

"என்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாவம்மா. நம்புங்க."

பருக்கைக்குக் கை தட்டிய அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், நாக்கு குழறுகிறது, வார்த்தை வரவில்லை, எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. ஹில்டா அம்மாவுக்குக் கண் கலங்கியது.

"அப்பாவுக்காகப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட வந்திருக்க. நல்ல பிள்ளை. அந்தப் பயிற்சிக்காரங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க." மணியடித்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "ஆனா வேன்ல போறது சின்னப் பிள்ளைங்க. பெத்தவங்க போன் மேல போன் போடுறாங்க. நான் என்னப்பா செய்ய முடியும்?"

உண்மையைச் சொன்னதற்கும் முளைப்பாரிக்கே பாராட்டு. இனி நான் என்ன செய்தாலும் அது அவர்கள் கணக்கில்தான் சேரும். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 25, புதன்

கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

அப்பா பின்வாசலில் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையிலேயே ஒரு தடவை தேய்த்ததுதான். கடிதத்தைக் காட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார், என் பெயரைத் தேடினார், சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. ஹில்டா அம்மாவிடம் போன கதையைச் சொன்னேன்.

"எதுக்குல போன? எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். "அந்தப் பயலுவ எழுதிக் குடுத்திருக்கானுவ. வேல வேணும்னா இதத்தான் சொல்லணும்னு ஒன்ன மெரட்டியிருக்கானுவ. நீ பாவம், என்ன செய்வ? நான் இல்லன்னு சொன்னா அத்தன பேருக்கு மத்தியில ஒன்னயல்லா பொய்யன்னு சொல்லுவானுவ. பெத்த பிள்ளையப் போயி இப்படிப் பேச வச்சிட்டானுவளேன்னுதான் எனக்கு வயிறு எரியுது. வேன் கெடக்கு சவம். லாரிக்குப் போனாலும் போச்சு."

அப்படியே விட்டிருக்கலாம். நிரஞ்சன் சார் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நான் சோறு தின்னப் போயிருக்கலாம். இந்த மூன்று வாரமும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"அவங்க எழுதிக் குடுக்கலப்பா."

"பிறவு?"

"நான்தான்."

தேங்காய் நார் கையிலேயே நின்றது. "அந்தத் தட்டு, பருக்க எல்லாமா?"

"எல்லாந்தான். யாரும் மெரட்டல. அவரு ஒரு வார்த்ததான் கேட்டாரு. மிச்சமெல்லாம் நான் சேத்தது."

தன் வேனில் தெரியாத பிள்ளை ஏறியிருந்தால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று யோசிக்கிற பார்வை. கோபம் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை என்னிடம் நீட்டினார். டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நிமிர்த்தி வைத்து, கையையும் காலையும் அலம்பிக்கொண்டு உள்ளே போனார்.

நான் வெகுநேரம் கழித்துப் போனேன். அப்பா சாப்பிட்டு முடித்திருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மையிடம், "அந்தப் பையனுக்குச் சோறு போடு" என்றார்.